இடி கேட்ட தொட்டி

என் நாத்தனாருக்குக் காலாட்டும் வியாதி உண்டு. உட்கார்ந்தால் போதும், வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். சாப்பிடும்போது ஆட்டுவாள், படிக்கும்போது ஆட்டுவாள். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதுகூட ஆட்டி, "கொஞ்சம் சும்மா இரும்மா, ஊசி இடம் மாறிடும்" என்று அந்த மனிதரைக் கெஞ்ச வைத்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்த நாள் முதல் நானும் "காலை ஆட்டாதே" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இருந்தும் வீட்டில் அவள் பெயர் பாப்பா. என் கணவருக்குத் தங்கை, கடைக்குட்டி, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். மாமியார் போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்றே பேர். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவாள், விளக்கை அணைக்க மாட்டாள், நான் வைக்கும் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு "உப்பு கம்மி அண்ணி" என்பாள். ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள் சொன்னால் மறுக்க முடியுமா? மறுப்பேன். எலியும் பூனையும் தோற்றுப்போகும்.

"எப்பத்தான் தனியா ஒரு வீடு பாத்துக்கிட்டுப் போவே?" என்று மாதத்தில் நாலு தடவையாவது கேட்டுவிடுவேன். "போறேன் போறேன்" என்று சிரித்துக்கொண்டே காலை ஆட்டுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் சண்டை போதாதென்று வேலைக்கும் நாங்கள் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம். நான் மின் பொறியாளர். உயர் அழுத்த மின்சாரம் என் தொழில். இந்த வேலைக்கு வருமுன் டிரான்ஸ்ஃபார்மர் பழுது பார்க்கும் கம்பெனியில் எண்ணெய்ப் பிசுக்கோடு நிம்மதியாக இருந்தேன். "எனக்கு மின்னல் வேணும் அண்ணி. சின்னதா, தண்ணிக்குள்ள. நீங்க செஞ்சு தருவீங்களா?" என்று கேட்டு இந்த ஆய்வுக்கூடத்துக்கு என்னை இழுத்து வந்தவள் பாப்பாதான்.

அவள் எதற்கு மின்னல் கேட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலைகளில் கடைசியில் மிஞ்சுவது பயங்கரமான உப்புத் தண்ணீர். அதைக் கடலில் திரும்பக் கொட்டினால் மீனுக்குக் கேடு. காய்ச்சி உப்பைத் தனியாகப் பிரிக்கலாம் என்றால், உப்பு போய்ச் சூட்டுக் குழாயில் ஒட்டிக்கொள்கிறது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல. ஆனால் அது சுரண்டினால் வருகிற படிவு இல்லை, பாறை. குழாய் சூட்டைக் கடத்தாது. ஆலையை நிறுத்திவிட்டு ஆட்கள் உள்ளே இறங்கிச் சுத்தியலால் உடைக்க வேண்டும்.

பாப்பாவின் யோசனை எளிமையானது. உப்பு படிகமாக மாற உட்கார ஓர் இடம் தேடுகிறது. குழாயில்தான் இடம் இருக்கிறது, அதனால் அங்கே உட்காருகிறது. தண்ணீருக்குள்ளேயே ஆயிரம் ஆயிரம் இடம் செய்து கொடுத்துவிட்டால்? உப்புத் தண்ணீருக்குள் ஒரு ஊசி முனை. அதில் நொடிப்பொழுது உயர் அழுத்த மின்சாரம். தண்ணீர் அந்த இடத்தில் கிழிந்து, ஊதா நிறத்தில் ஒரு பொறி வரும். அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். பொறி பட்ட இடத்திலெல்லாம் படிகத்துக்குக் கரு உண்டாகும். உப்பு குழாயைத் தேடிப் போகாமல் நடுத் தண்ணீரிலேயே உருவாகி, மணலாகக் கீழே விழும். துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிடலாம்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதலில் இருந்த பழைய அறையில் இது நடந்தது. என் கண்ணால் பார்த்தேன். இரண்டு கண்ணாடித் தொட்டி, இரண்டிலும் ஒரே ஆலையின் உப்புத் தண்ணீர், இரண்டிலும் நடுவில் ஒரு சூட்டுக் குழாய். ஒன்றில் மட்டும் பொறி. பொறி விட்ட தொட்டியில் குழாய் பளிச்சென்று இருந்தது, அடியில் உப்பு மணல். பொறி விடாத தொட்டியில் குழாய்க்கு வெள்ளைத் தோல் வளர்ந்திருந்தது. அன்று விழுந்த முதல் மணலைப் பாப்பா ஒரு சின்னக் குப்பியில் போட்டு வீட்டு ஜன்னலில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் முதல் பல் விழுந்தால் வைத்துக்கொள்வார்களே, அப்படி.

அப்புறம்தான் சனி பிடித்தது. முடிவுகளைப் பரிசீலித்த ஒரு பெரியவர், இரண்டு தொட்டிகளும் இரண்டு மேசைகளில் இருந்தன, ஒன்று ஜன்னலோரம், ஒன்று சுவரோரம், ஒன்றின் மேல் வெயில் பட்டிருக்கலாம், காற்று பட்டிருக்கலாம், இதை எப்படி நம்புவது என்று எழுதிவிட்டார். நியாயமான கேள்விதான். பாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு ஒருத்தரும் நம்மளச் சொல்லிடக் கூடாது அண்ணி. ரெண்டு தொட்டியும் ஒரே மேசையில, ஒரே வெளிச்சத்துல, ஒரே காத்துல இருக்கணும்."

புது அறை கொடுத்தார்கள். நான் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஒரே கருங்கல் பலகை போட்டு, யானை ஏறி நின்றாலும் அசையாத மேசை ஒன்று கட்டினேன். இரண்டு தொட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். அன்றிலிருந்து எங்கள் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. பொறி விட்ட தொட்டியில் மணல் விழுந்தது, சரி. பொறியே விடாத தொட்டியிலும் மணல் விழுந்தது! குழாயில் லேசாக ஏதோ படிந்திருக்கும், அவ்வளவுதான். தண்ணீரை மாற்றினோம், ஊசியை மாற்றினோம், தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். மறுபடியும் அதே. பொறி இல்லாமலே மணல் விழுகிறதென்றால் பொறி எதற்கு?

ஆய்வுக்குப் பணமும் உப்புத் தண்ணீரும் தரும் கடலோர ஆலையின் மேலாளர் பொறுமையான மனிதர். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்களே. திங்கட்கிழமை காலையில் நேரில் வருகிறேன், என் முன்னால் ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். வித்தியாசம் தெரிந்தால் பாப்பா அவருடைய ஆலைக்குப் போய்ப் பெரிய அளவில் செய்யலாம். வீடு, ஆட்கள், எல்லாம் தருவார்கள். அது ரயிலில் ஒரு முழு நாள் தூரம். வித்தியாசம் தெரியாவிட்டால் ஆய்வுக்கு மூடுவிழா. பாப்பா ஏதாவது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டு எங்களோடேயே இருந்துவிட வேண்டியதுதான்.

எப்போது போவாள் என்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவள் போவதற்கு ஒரு வழி தெரிந்ததும் அது பிடிக்கவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சண்டை போட ஆள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். என் கணவர் நல்லவர், தங்கமானவர், ஆனால் அவரோடு சண்டை போடுவது தலையணையைக் குத்துவது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். யாரும் நாளைக்கு வரப்போவதைப் பற்றிப் பேசவில்லை. என் கணவர் ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். பாப்பா சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. உப்பு கம்மி என்றுகூடச் சொல்லவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளுடைய கால் மட்டும் மேசையின் காலில் முட்டிக்கொண்டு டக் டக் டக் என்று ஆடிக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாதடி! என் தண்ணியப் பாரு, எப்படி ஆடுது..."

சொல்லும்போது என் டம்ளரைக் காட்டினேன். கண்ணாடி டம்ளர். உள்ளே தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை. நடுவில் பிறந்து ஓரத்துக்குப் போய் முட்டித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவளுடைய கால் மேசையின் அந்தக் கோடியில். என் டம்ளர் இந்தக் கோடியில்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு டம்ளரையே பார்த்தேன்.

அவள் ஆட்டுகிறாள், என் தண்ணீர் ஆடுகிறது. பொறி ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் வெடிக்கும்போது டப் என்று ஒரு சத்தம் வரும். காதுக்குச் சின்னச் சத்தம், ஆனால் தண்ணீருக்கு அது இடி. அந்த இடி தொட்டியிலிருந்து கல்லுக்கு இறங்கும். யானை ஏறினாலும் அசையாத என் கருங்கல் அதை ஒரு துளி குறையாமல் வாங்கிப் பக்கத்துத் தொட்டியில் சேர்க்கும். உப்பு நிரம்பித் தளும்பும் தண்ணீரை ஒரு தட்டுத் தட்டினாலே படிகம் விழும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பொறி விடாத தொட்டி சும்மா இருக்கவில்லை. நாள் முழுக்க அது பக்கத்து வீட்டு இடியைக் கேட்டுக்கொண்டிருந்தது. பாரபட்சம் பார்க்கக் கூடாது என்று இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைத்தோமே, அதுதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

"என்ன அண்ணி?" என்றாள் பாப்பா. காலை நிறுத்திவிட்டிருந்தாள். "பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. சூப் ஆறிப்போச்சு" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், என் வாயில் எதுவும் தங்காது. மாமியார் இருந்த காலத்தில் அவருக்கே முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். அன்றைக்கு மட்டும் மென்று விழுங்கினேன். பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். நான் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். நாளைக்கு மேலாளர் வருவார், இரண்டிலும் மணலைப் பார்ப்பார், கையைக் குலுக்கிவிட்டுப் போவார். பாப்பா இரண்டு நாள் அழுவாள். அப்புறம் பக்கத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடம். சாயங்காலம் வீட்டுக்கு வருவாள், ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவாள், நான் கத்துவேன். எல்லாம் அப்படியே இருக்கும். நான் பொய் சொல்லவில்லையே, பேசாமல்தானே இருக்கிறேன் என்று எனக்கு நானே வக்கீலாகவும் ஆனேன். ஆனாலும் கையிலிருந்து ஒரு தட்டு விழுந்து உடைந்தது.

"யாருக்குக் கோவம்?" என்று என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"தட்டுக்குத்தான்" என்றேன். அவர் துடைப்பத்தை எடுத்துவந்து சில்லுகளைக் கூட்டிவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். தங்கமானவர்.

வெயில் தாழ்ந்த பிறகு பாப்பாவின் அறையைக் கடந்தபோது கதவு திறந்திருந்தது. நாளைக்குப் போட வேண்டிய சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். கையில் அந்தக் குப்பி. கால் ஆடவில்லை. நின்றுகொண்டிருந்ததால் ஆடவில்லை என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் அதனால் இல்லை என்று தெரிந்தது.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்குப் பழைய ரூம்ல நாம பாத்தது நெஜந்தானா?"

"நெஜந்தான். நானும்தானே பாத்தேன்."

"வெயிலாக் கூட இருந்திருக்கலாம். அந்தப் பெரியவர் சொன்ன மாதிரி. நமக்கு வேணும்னு நெனச்சதை நாமளே பாத்துட்டோமோ என்னமோ." குப்பியை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினாள். "இத்தனை வருஷமா ஒரு பொய்யை ஜன்னல்ல வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன். உங்களையும் நல்ல வேலையிலேருந்து இழுத்துட்டு வந்து... மன்னிச்சுக்கங்க அண்ணி." அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை, சிரித்தாள். "நாளைக்குக் கொட்டறதுக்குப் பதிலா இன்னிக்கே கொட்டிடறேன்."

மூடியைத் திருகினாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"அடியேய், வைடி அதை!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. பாப்பா குப்பியோடு அப்படியே திரும்பினாள்.

"பொய்யாம் பொய்! எது பொய்? உன் மின்னல் பொய்யில்ல. என் மேசைதான் பொய். நான் கட்டின அந்தப் பாழாப்போன கல்லு மேசை. ரெண்டு தொட்டியும் ஒரே கல்லு மேல இருக்கே, இங்க வெடிச்சா அங்க அதிராதா? மத்தியானம் நீ காலாட்டினே, என் டம்ளர் ஆடிச்சே, பாக்கலையா? நீயெல்லாம் என்ன டாக்டரு?"

அவள் குப்பியையும் மூடியையும் ஜன்னலில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள், ஈரத் துண்டின் மேலேயே.

"அப்ப அந்தத் தொட்டிக்கு மின்னல் விழல" என்றாள். "ஆனா இடி கேட்டிருக்கு."

"அதேதான்."

"அய்யோ அண்ணி." இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ. நாமதான் அதைப் பக்கத்துல உக்கார வச்சோம். ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும்னு." சட்டென்று தலையைத் தூக்கினாள். "மத்தியானமா? சாப்பிடறப்பவே தெரிஞ்சு போச்சா உங்களுக்கு?"

நான் ஜன்னலிலிருந்த குப்பியை எடுத்து மூடியைத் திருகினேன்.

"சூப் ஆறிப்போச்சுன்னு எழுந்து போனீங்களே, அப்பவா? இவ்வளவு நேரம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவே."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகு பொறுக்க முடியுமா? பாப்பா என்னை ஏதோ புதுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீங்கதான அண்ணி மாசம் நாலு தடவை எப்பப் போவே, எப்பப் போவேன்னு கேப்பீங்க?"

"கேட்டேன். கேக்கறதுக்கென்ன, இன்னும் கேப்பேன். கேட்டா உடனே போயிடறதா?" எனக்குக் கோபம்தான் கை கொடுத்தது. "உக்காந்துக்கிட்டே இருந்தா விடிஞ்சுடும். எழுந்திரு. லேபுக்குப் போகணும். தலையணை எல்லாத்தையும் எடு."

"தலையணையா?"

"தொட்டியை இடி கேக்காத எடத்துல வைக்க வேணாமா? அதுக்கு மெத்தை போடணும்."

இருக்கிற தலையணைகளையும் இரண்டு கம்பளிகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நாங்கள் போனதைப் பார்த்து, காவலாளி நாங்கள் ஆய்வுக்கூடத்திலேயே குடியேற வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் அறையைப் போலவே வெயிலும் காற்றும் புகாத பக்கத்து அறையில் கம்பளியை மடித்து, அதன்மேல் தலையணை அடுக்கி, அதன்மேல் ஒரு பலகை வைத்து, பொறி விடாத தொட்டியை ஏற்றினோம். பாப்பா அதோடு விடவில்லை.

"மூணாவதா ஒரு தொட்டி வேணும் அண்ணி. கல்லு மேசையிலேயே, மின்னல் தொட்டிக்குப் பக்கத்துல. மின்னல் இல்லாம, இடி மட்டும் கேக்கற தொட்டி."

"அது எதுக்கு? வம்பை வெல கொடுத்து வாங்கவா? நாளைக்கு ரெண்டையும் காட்டினா போதும், ஜெயிச்சுடலாம்."

"ஜெயிச்சுடலாம். ஆனா எது ஜெயிச்சுதுன்னு தெரியாதே. வேலையைச் செஞ்சது மின்னலா, இடியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் நாக்குத் தள்ளிக் கிடந்துவிட்டு, கரை கண்ணுக்குத் தெரியும்போது படகில் தானே ஓட்டை போட்டுப் பார்க்கிறாளே என்று. ஆனால் அவள் சொன்னது சரி. அவள் சொல்வது சரியாக இருக்கும்போதுதான் எனக்கு அவள்மேல் அதிகக் கோபம் வரும். அலமாரியிலிருந்து மூன்றாவது தொட்டியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை காலையில் மேலாளர் வந்தார். முதலில் பக்கத்து அறையில், தலையணை மேல் கால் நீட்டிச் சொகுசாக உட்கார்ந்திருந்த தொட்டியைப் பார்த்தார்.

"இது என்னம்மா, பிரசவ வார்டா?"

"ஓய்வுல இருக்கு சார், தொந்தரவு பண்ணாதீங்க" என்றேன்.

சூட்டுக் குழாய்கள் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டோம். நான் சுவிட்சைப் போட்டேன். ஊசி முனையில் ஊதாப் பொறி பிறந்தது. டப், டப், டப். இடி மழைக்குமுன் காற்றில் வருவதுபோல ஒரு காரமான வாசனை அறையில் பரவியது. தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. மேலாளர் இரண்டு டீ குடித்தார். என் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாப்பாவின் கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி மேசையைத் தொடாமல் இருக்கிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குழாய்களை வெளியே எடுத்தோம். பொறி விட்ட தொட்டியின் குழாய் புத்தம் புதிதாக இருந்தது. அடியில் உப்பு மணல் மெத்தென்று படிந்திருந்தது. தலையணைத் தொட்டியின் குழாயில் நகத் தடிமனுக்கு வெள்ளைப் பாறை. மேலாளர் பேனாக் கத்தியை எடுத்துச் சுரண்டிப் பார்த்தார். கத்தி வழுக்கியது. அவர் முகம் மாறியது. அந்தப் பாறையோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர் அல்லவா?

அப்புறம் மூன்றாவது. இடி மட்டும் கேட்ட தொட்டி. அடியில் மணல் இருந்தது. ஆனால் குழாயிலும் திட்டுத் திட்டாக வெள்ளை பிடித்திருந்தது. பாதிக்குப் பாதி.

"அப்ப மின்னலே இல்லாம, சும்மா தட்டிக்கிட்டே இருந்தாக்கூடப் பாதி வேலை ஆகுமா?" என்றார் மேலாளர். "பின்ன எனக்கு மின்னல் எதுக்கு? ரெண்டு சுத்தியல் போதுமே."

நான் பாப்பாவைப் பார்த்தேன். தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயே என்று கண்ணாலேயே சொன்னேன்.

"பாதி போதும்னா சுத்தியலே போதும் சார்" என்றாள் பாப்பா அமைதியாக. "ஆனா இந்தத் திட்டு வளர்ந்து வளர்ந்து கடைசியில அந்தப் பாறையாத்தான் ஆகும். ஆளு உள்ள எறங்கத்தான் வேணும். மின்னல் பட்ட குழாய்ல திட்டே இல்ல. அந்த மீதி எங்கேருந்து வந்துது, பொறியோட சூடா, அது தண்ணியை ஒடைக்கறதா, ஊசி தேஞ்சு விழற தூசியா, எனக்கு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உங்க ஆலையை என் கையில வாங்கிக்க மாட்டேன்."

மேலாளர் மூன்று குழாய்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் எல்லாம் தெரியும்னுதான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. சொன்னது நடக்காது, நான் ஆளை உள்ள எறக்குவேன்." மூன்றாவது குழாயைக் கையில் எடுத்தார். "இதை எனக்குக் காட்டியிருக்க வேண்டிய அவசியமே இல்ல உங்களுக்கு. அங்க வந்து கண்டுபிடிங்க. எப்ப வர்றீங்க?"

பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். நாற்பது தாண்டியவள், டாக்டர் பட்டம் வாங்கியவள், பொம்மைக்கடை வாசலில் நிற்கும் குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"என் மூஞ்சிய ஏண்டி பாக்கறே? என் மூஞ்சியிலயா ரயில் நேரம் எழுதி ஒட்டியிருக்கு?" என்றேன். "சாருக்குப் பதில் சொல்லு."

அவள் போன அன்று ரயில் நிலையத்தில் நான் அழவில்லை. என் கணவர் அழுதார். கிளம்பும்போது பாப்பா என் காதில், "சண்டை போட ஆள் இல்லாம என்ன செய்வீங்க?" என்று கேட்டாள். "போன் எதுக்கு இருக்கு?" என்றேன். ஜன்னலில் இருந்த குப்பியை எடுத்துக்கொண்டு போகவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துப் போனில் கத்தினேன். "வேணும்னுதான் வச்சுட்டு வந்தேன் அண்ணி" என்றாள். "அது உங்க மேசைக்கு முந்தின உப்பு."

வீடு சுத்தமாக இருக்கிறது. கட்டில் மேல் துண்டு இல்லை. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிவதில்லை. நான் வைக்கும் சூப்பில் உப்பு கம்மியா கூடவா என்று யாரும் சொல்வதில்லை, எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

நேற்று இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் டம்ளரில் தண்ணீர் இருந்தது. கண்ணாடித் துண்டு மாதிரி சலனமே இல்லாமல் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. மேசைக்கு அடியில் என் வலது காலை நீட்டி, மேசையின் காலில் முட்டுக் கொடுத்து ஆட்டினேன். தண்ணீரில் கோணல்மாணலாக என்னவோ நெளிந்தது. அவள் ஆட்டும்போது வருமே, வட்டம் வட்டமாக, அது வரவில்லை.

என் கணவர் தன்னுடைய டம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காலை ஆட்டாதே என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"கொஞ்சம் வேகமா ஆட்டணும்" என்றார். "அவ வேகமா ஆட்டுவா."